கோப்பி இலைநோயும் ஓர் இளம் ஆராய்ச்சியாளரும்

விஞ்ஞானம் என்ற சொல்லைக் கேட்டவுடன் மாணாக்கரின் மனக்கண்முன் தோன்றுவன கண்ணாடிக் குழாய்களும் தராசும் நுணுக்குக்காட்டியுமே. அவற்றைக் கையாளும் மனிதன் நினைவுக்கு வருவது அரிது. ஆராய்ச்சியின் முடிவு நூலில் ஏறும்போது, அதனைக் கண்டவருடைய ஐயமும் சலிப்பும், அவரை நம்பியிருந்தோரின் கவலையும் நூலுக்குப் புறத்தே நின்றுவிடுகின்றன. ஆயின், ஒரு முடிவு எவ்வாறு பெறப்பட்டது, எவ்வாறு சொல்லப்பட்டது, அதனைக் கேட்டவர் யார், கேளாதொழிந்தவர் யார் என்பனவும் விஞ்ஞான வரலாற்றின் பகுதிகளே. அவற்றை நீக்கிவிட்டு எஞ்சியதை மட்டும் கற்பவன், போரின் முடிவை மட்டும் அறிந்து போர்முறையை அறியாதவனை ஒப்பான்.

இவ்வுண்மைக்குச் சான்று தேடிக் கடல் கடந்து செல்ல வேண்டியதில்லை. நுவரெலியாவிலும் அட்டனிலும் இன்று கண்ணுக்கெட்டிய தூரம்வரை தேயிலை பசுமை விரித்திருக்கும் மலைச்சரிவுகள் பல, ஒரு காலத்தில் வேறொரு பயிருக்கு உரியனவாயிருந்தன. அப்பயிர் ஏறக்குறைய இருபது ஆண்டுகளில் அழிந்தது. அழிவின் நடுவே, அதன் காரணத்தை ஆராயுமாறு ஓர் இளந் தாவரவியலாளர் இங்கிலாந்திலிருந்து அழைக்கப்பட்டார். காரணத்தை அவர் ஐயத்துக்கிடமின்றிக் கண்டார். பயிரைக் காக்க அவரால் இயலவில்லை. வெற்றியும் தோல்வியும் ஒன்றாய்ப் பிணைந்த அவ்வரலாறு, ஆராய்ச்சித் துறையிற் புகும் இளைஞர்க்கு எந்தப் பாடநூலும் கற்பியாத சிலவற்றைக் கற்பிக்கவல்லது.

கோப்பிக் காலம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இலங்கையின் செல்வம் கோப்பியையே சார்ந்திருந்தது. கண்டியைச் சூழ்ந்த மலைகளில் தொடங்கிய பயிர்ச்செய்கை மெல்ல மெல்லத் தெற்கும் மேற்குமாக ஏறி, டிம்புள்ள, டிக்கோயா, மஸ்கெலியா ஆகிய பகுதிகளின் காடுகளையும் விழுங்கியது. 1870களின் இறுதியில் ஏறக்குறைய இரண்டே முக்கால் இலட்சம் ஏக்கரிற் கோப்பி பயிரிடப்பட்டிருந்தது. மலைக்கு மலை, சரிவுக்குச் சரிவு, இடையில் வேறு மரமின்றி ஒரே இனச் செடி நின்றது. அக்காலத்தார் அதனைச் செழிப்பின் அடையாளமாகவே கண்டனர். அதனுள் ஒளிந்திருந்த அபாயத்தைக் கண்டாரில்லை.

இக்காடுகளை வெட்டியவரும், செடி நட்டவரும், பழம் பறித்தவரும் தமிழ்நாட்டிலிருந்து வந்த தொழிலாளரே. இராமநாதபுரம், புதுக்கோட்டை, திருச்சிராப்பள்ளி முதலாய பகுதிகளினின்றும் கங்காணிமாரின் கீழ்க் கூட்டங்கூட்டமாகப் புறப்பட்டுக் கடல் கடந்து, காட்டுப்பாதை வழியே கால்நடையாய் மலையேறினர். கோப்பிப் பழம் பறிக்கும் பருவம் ஆண்டிற் சில மாதங்களே ஆகையால், அவருட் பலர் பருவம் முடிந்ததும் ஊர் திரும்பினர். வழியிலே நோயாலும் பசியாலும் மாண்டவர் பலர். 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய கொடும்பஞ்சம் இன்னும் பல்லாயிரவரை இம்மலைகளை நோக்கித் துரத்தியது. அவர்கள் வந்து சேர்ந்த வேளையிற் கோப்பி ஏற்கெனவே நோயுற்றிருந்தது.

மடுல்சீமையிற் கண்ட புள்ளி

1869ஆம் ஆண்டில் மடுல்சீமைப் பகுதியிலுள்ள தோட்டமொன்றிற் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் புள்ளிகள் தோன்றின. விரலால் தொட்டாற் பொடி ஒட்டிக்கொள்ளும். புள்ளி கண்ட இலை சில வாரங்களில் உதிரும். அப்போது பேராதனைத் தாவரவியற் பூங்காவின் பணிப்பாளராக இருந்தவர் ஜோர்ஜ் துவெயிட்ஸ் என்பவர். 1849 முதல் அப்பூங்காவிற் பணியாற்றி, இலங்கைத் தாவரங்களை நன்கு அறிந்திருந்த முதியவர். அவர் நோயுற்ற இலைகளை இங்கிலாந்திலிருந்த பார்க்லி என்னும் பங்கசு நூலறிஞருக்கு அனுப்பினார். பார்க்லி அதனை முன்னர் அறியப்படாத ஒரு பங்கசு எனக் கண்டு, அவ்வாண்டு நவம்பரில் ‘ஹெமிலேயா வஸ்தாத்ரிக்ஸ்’ என்னும் பெயருடன் வெளியிட்டார். முதற்சொல் அதன் வித்திகள் ஒரு பாதி வழவழப்பாய் இருத்தலைக் குறிக்கும். இரண்டாவது சொல்லுக்கு ‘அழிப்பவள்’ என்பது பொருள். பெயரிட்ட காலத்தில் அப்பொருள் எத்துணை உண்மையாகும் என்பதை எவரும் உணர்ந்திலர்.

இந்நோய் செடியை உடனே கொல்வதன்று. இலைகளை உதிர்க்கும், செடி மீண்டும் தளிர்க்கும், தளிரும் நோயுறும். ஆண்டுதோறும் இவ்வாறு நிகழச் செடி வலுவிழந்து காய்ப்புக் குறையும். மீண்டும் தளிர்த்த செடியைக் கண்ட தோட்டத்துரைமார் நோய் நீங்கிற்று என மகிழ்ந்தனர். அதற்கு மேலாக, அவ்வாண்டுகளில் உலகச் சந்தையிற் கோப்பியின் விலை உயர்ந்துகொண்டே சென்றது. நோய்க்கு முன் ஏக்கருக்கு நாலரை அந்தராக இருந்த சராசரி விளைவு இரண்டு அந்தராகக் குறைந்தபோதும், விலையேற்றம் அக்குறையை மறைத்தது. காடுகள் மேலும் வெட்டப்பட்டன. புதிய தோட்டங்கள் எழுந்தன. துவெயிட்ஸ் தொடக்கத்திலிருந்தே எச்சரித்து வந்தார். ஆயின் கையிற் பணம் புழங்குங்காற் காதிற் சொல் ஏறுவதில்லை.

பெருந்தோட்ட உரிமையாளர் பலர் கொண்ட கருத்து வேறு. மண் களைத்தமையாலும் மழை மாறியமையாலும் செடி மெலிந்தது. மெலிந்த செடியிலேயே பங்கசு பற்றியது. நன்கு உரமிட்டால் நோய் தானே விலகும் என்பது அவர் துணிபு. வேறு சிலர் மருந்தை நாடினர். பேராதனையில் உதவிப் பணிப்பாளராயிருந்த டானியல் மொறிஸ் கந்தகத்தையும் சுண்ணாம்பையும் செடிகள்மீது தூவும் முறையைப் பரிந்துரைத்தார். செடியின் புறத்தே காணப்பட்ட நுண்ணிய இழைகள் அப்பங்கசின் ஒரு நிலை என்றும், அந்நிலையில் அதனை அழிக்கலாம் என்றும் அவர் கருதினார். நம்பிக்கை பிறந்தது. ஆயின் அவர் 1879இல் யமேக்காவுக்குப் பதவி மாறிச் சென்றார். அரசினர் இந்நோயை மட்டுமே ஆராய ஒருவரை நியமிக்க முடிவு செய்தனர்.

வார்ட் வந்தார்

அவ்வாறு நியமிக்கப்பட்டவர் ஹரி மார்ஷல் வார்ட். 1854இற் பிறந்த அவர், ஹக்ஸ்லியின் வகுப்புகளிற் பயின்று, கேம்பிரிட்ஜில் 1879இல் முதல் வகுப்பிற் தேறி, ஜெர்மனியிற் சாக்ஸ் என்னும் பேரறிஞரின் ஆய்வுகூடத்திலும் சிறிது காலம் பயிற்சி பெற்றவர். 1880இல் இலங்கையில் வந்திறங்கியபோது அவருக்கு வயது ஏறக்குறைய 26. கோப்பித் தோட்டத்தை அதற்குமுன் அவர் கண்டறியார். பணிக்காலம் இரண்டே ஆண்டுகள். ஒரு நாட்டின் பொருளாதாரமே தம் விடையை எதிர்நோக்கியிருக்க, பல்கலைக்கழகப் படிப்பை அப்போதே முடித்த ஓர் இளைஞர் அம்மலைகளிற் காலடி வைத்தார்.

அவர் முதலிற் செய்தது மருந்து தேடியதன்று. நோய் எவ்வாறு உண்டாகிறது என்ற அடிப்படை வினாவை அவர் எடுத்துக்கொண்டார். நோயுற்ற இலையிலிருந்து வித்திகளை எடுத்து, நலமான இலையின் அடிப்புறத்தில் நீர்த்துளியில் இட்டு, நாள்தோறும் நுணுக்குக்காட்டியால் நோக்கினார். நீர் இருந்தால் வித்தி முளைக்கும். முளைத்த நுண்குழாய் இலைவாய் வழியே உட்புகும். உள்ளே கிளைத்துப் பரவி இலையின் சத்தை உறிஞ்சும். ஏறக்குறைய இரண்டு வாரங்களுக்குப் பின்னரே புறத்தே புள்ளி தோன்றும். அப்புள்ளியிலிருந்து ஆயிரக்கணக்கான புதிய வித்திகள் வெளிப்படும். இவ்வாறு வித்தி முதல் வித்தி வரை ஒரு சுற்று முழுவதையும் அவர் கண்ணாற் கண்டார். வித்தி இடப்பட்ட இடத்தில் நோய் வந்தது. இடப்படாத இடத்தில் வரவில்லை. நன்கு செழித்த செடியும் நோயுற்றது. எனவே மண்ணின் களைப்பே மூலகாரணம் என்ற வாதம் நிலைகுலைந்தது. செடியின் புறத்தே கண்ட இழைகள் இப்பங்கசுக்கு உரியன அல்ல என்பதும் தெளிவாயிற்று.

வித்திகள் தோட்டத்துக்குத் தோட்டம் செல்வது எவ்வாறு என்பது அடுத்த வினா. அவர் கிளிசரின் பூசிய கண்ணாடித் தகடுகளைக் காற்றோட்டத்தில் வைத்தார். காற்றிற் பறந்து வந்த வித்திகள் அவற்றில் ஒட்டிக்கொண்டன. எளிய கருவி, எவரும் செய்து பார்க்கத்தக்க சோதனை. மரவேலியோ காட்டு அரணோ இன்றி மலை முழுதும் ஒரே பயிர் நின்றமையாற் காற்றுக்கும் பங்கசுக்கும் தடையேதும் இருக்கவில்லை என்பது இதனாற் புலப்பட்டது. அழிவின் ஒரு பங்கு இயற்கையின் செயல். மறு பங்கு மனிதனின் பேராசை என்று கூறின் மிகையாகாது.

இரண்டாண்டுகளில் மூன்று அறிக்கைகளை வார்ட் அரசினரிடம் அளித்தார். ஒவ்வொன்றிலும் கண்டதையும், கண்ட முறையையும் விரித்தெழுதினார். இப்பங்கசு தன் வாழ்வின் ஒரு பகுதியை வேறொரு செடியிற் கழிக்கக்கூடுமோ என்ற ஐயம் எழுந்தபோது, அவ்வாறான செடியைத் தாம் காணவில்லை என்பதோடு நிறுத்திக்கொண்டார். அவர் மறைந்து நூறாண்டுகளுக்கு மேலாகியும் அவ்வினா இன்றளவும் விடை காணப்படாமலே இருக்கின்றது. விடை இல்லாத இடத்தில் விடையைப் புனையாமை அவருடைய அடக்கத்துக்குச் சான்றாகும்.

கசப்பான சொல்

மூன்று அறிக்கைகளின் சாரம் யாதெனின், இலைக்குள் புகுந்துவிட்ட பங்கசை மருந்தால் அழித்தல் இயலாது என்பதே. இலையின் புறத்தே கிடக்கும் வித்தியைக் கந்தகமும் சுண்ணாம்பும் கொல்லக்கூடும். உட்புகுந்த இழையை அவை தீண்டா. எனவே பயனுள்ள மருந்து ஒன்று இருக்குமாயின் அது வித்தி முளைக்குமுன்னரே இலையின்மீது பூசப்பட்டிருத்தல் வேண்டும். மழை மிகுந்த மலைநாட்டிற், கோடிக்கணக்கான செடிகளின் ஒவ்வோர் இலைக்கும், செலவு தாங்கத்தக்க முறையில் அத்தகைய காப்பைக் கொடுக்க அன்று வழியிருக்கவில்லை.

தோட்ட உரிமையாளர் எதிர்பார்த்தது மருந்து, கிடைத்தது விளக்கம். கடன்பட்டு நிற்பவனுக்குத் தன் கடன் எவ்வாறு வளர்ந்தது என்ற கணக்கைக் காட்டினால் ஆறுதல் பிறக்குமோ? அவர்கள் ஏமாற்றமடைந்தது இயல்பே. பணிக்காலம் முடிந்த வார்ட் 1882இல் நாடு திரும்பினார். கோப்பியின் வீழ்ச்சி தொடர்ந்தது. 1884இல், தோட்டங்களுக்குப் பெருங்கடன் கொடுத்திருந்த ஓரியன்டல் வங்கி முறிந்தது. அதே ஆண்டிலேதான் மலைநாட்டுப் புகையிரதம் அட்டனை எட்டியது. கோப்பியை ஏற்றிச் செல்லப் போடப்பட்ட இருப்புப்பாதை, கோப்பி மடியும் வேளையில் மலையுச்சியை வந்தடைந்தமை வரலாற்றின் ஏளனங்களுள் ஒன்று.

வார்ட் விரும்பியிருந்தால் வேறு விதமாக நடந்திருக்கலாம். முன்னர் நம்பப்பட்ட மருந்துமுறைக்குச் சிறு திருத்தம் கூறி, நம்பிக்கையை நீட்டி, தம் பதவியையும் நீட்டிக்கொள்ள முயன்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. உயிர் பிரியும் நோயாளியின் உறவினரிடம் உண்மையைச் சொல்லும் மருத்துவனின் நிலையில் அவர் நின்றார். சம்பளம் கொடுப்பவர் விரும்பாத விடையை, அவர் முகம் நோக்கிச் சொல்லும் துணிவு எந்த ஆய்வுகூடத்திலும் கற்பிக்கப்படுவதன்று. ஆயினும் அத்துணிவின்றேல் ஆய்வுகூடத்திற் பெற்ற அறிவு முழுவதும் வீணாகும்.

அவர் கூறிய உண்மை வீண்போகவில்லை என்பதைக் காலம் காட்டியது. அவர் இலங்கையை விட்டு நீங்கி மூன்றாண்டுகளின் பின், 1885இல், பிரான்சு தேசத்தில் மில்லர்தே என்னும் அறிஞர் திராட்சைக் கொடியின் நோய்க்குச் செப்புச் சல்பேற்றும் சுண்ணாம்பும் சேர்ந்த போர்தோக் கலவையை வெளியிட்டார். இலைமீது மெல்லிய படலமாகப் படிந்து, வித்தி முளைக்குமுன் அதனைக் கொல்லும் மருந்து அது. எத்தகைய மருந்து வேண்டும் என வார்டின் ஆராய்ச்சி சுட்டியதோ, அத்தகைய மருந்தே அது. பிற்காலத்தில் தென்னிந்தியக் கோப்பித் தோட்டங்களில் அக்கலவை இதே இலைநோய்க்கு எதிராகப் பயன்பட்டது. இலங்கைக் கோப்பிக்கு அது காலங்கடந்து வந்தது. வார்ட் பின்னர்க் கேம்பிரிட்ஜிற் தாவரவியற் பேராசிரியராகி, தாவர நோயியலை வளர்த்து, 1906இல் மறைந்தார். அவர் புகழுக்கு அடித்தளமாய் அமைந்தது, காப்பாற்ற முடியாமற்போன ஒரு பயிர்பற்றிய ஆராய்ச்சி என்பது சிந்திக்கத்தக்கது.

ஏடுகளிற் பேசாதோர்

இவ்வரலாற்றிற் பேசுவோர் யாவர் என நோக்கின், அரசாங்க அதிகாரிகள், தோட்டத்துரைமார், பூங்காவின் அறிஞர் ஆகிய மூவகையினரே. நாள்தோறும் அச்செடிகளைத் தொட்டுப் பழகிய பல்லாயிரந் தொழிலாளரின் குரல் அவ்வேடுகளிற் கேட்பதில்லை. எந்தச் சரிவில் இலை முதலில் உதிர்ந்தது, எந்த மழைக்குப் பின் செம்பொடி மிகுந்தது, எந்தக் காட்டோரச் செடி தப்பி நின்றது என்பனவற்றை முதலிற் காணத்தக்க கண்கள் அவர்களுடையனவே. அவர்களை வினவுதல் வேண்டும் என்ற எண்ணம் அக்காலச் சமூக அமைப்பில் எழுந்திராது. துரைக்கும் தொழிலாளிக்கும் இடையிற் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் நின்றனர், மொழியும் நின்றது.

அழிவின் சுமை மட்டும் அவர்களை முதலில் வந்தடைந்தது. தோட்டங்கள் முறிந்தபோது மாதக்கணக்கிற் கூலி நிலுவையாய் நின்றது. கையிற் காசின்றிப் பலர் ஊர் திரும்பினர். திரும்ப வழியற்றோர் வேறு தோட்டம் தேடி மலைமலையாய் அலைந்தனர். துரைமாரின் நட்டம் கணக்கேடுகளிற் பதிந்துள்ளது. இவர்களின் நட்டத்தை எவரும் கணக்கிட்டாரில்லை. விஞ்ஞானத்தின் மனிதப் பக்கம் என்பது ஆராய்ச்சியாளரின் பண்புகளோடு முடிவதன்று. அவ்வாராய்ச்சி யாருக்காகச் செய்யப்படுகிறது, யாரைக் கேட்டுச் செய்யப்படுகிறது என்ற வினாக்களும் அதனுள் அடங்கும்.

மீண்டும் பசுமை

கோப்பி வீழ்ந்த இடத்தில் தேயிலை எழுந்தது. ஸ்கொட்லாந்திலிருந்து 1852இல் இளைஞராய் வந்த ஜேம்ஸ் டெயிலர், லூல்கந்துரத் தோட்டத்தில் 1867இல் 19 ஏக்கரிற் தேயிலை நட்டார். அவர் பல்கலைக்கழகத்திற் பயின்றவரல்லர். தம் வீட்டு விறாந்தையிற் கொழுந்தைக் கையாற் சுருட்டி, மண் அடுப்பிற் கரிநெருப்பில் உலர்த்தி, பிழை செய்து, பிழையைத் திருத்திக் கற்றவர். 1873இல் இலண்டனுக்கு அனுப்பப்பட்ட இலங்கைத் தேயிலையின் முதற் பொதி வெறும் 23 இறாத்தலே. தொழிலாளர் அவரைச் ‘சாமி துரை’ என அழைத்தனர் என்றும், 1892இல் அவர் இறந்தபோது அவர் உடலைக் கண்டி வரை தோள்மேற் சுமந்து சென்றனர் என்றும் கூறுவர். 1875இல் ஏறக்குறைய ஆயிரம் ஏக்கராக இருந்த தேயிலை, அந்நூற்றாண்டின் இறுதியில் மூன்று இலட்சம் ஏக்கரைக் கடந்தது. ஆண்டு முழுதும் கொழுந்து பறிக்க வேண்டியிருந்தமையால், பருவத்துக்கு வந்து சென்ற தொழிலாளர் குடும்பத்தோடு லயங்களில் நிலையாகத் தங்கினர். மலையகத் தமிழ்ச் சமூகம் வேரூன்றியமைக்கு ஒரு நுண்ணிய பங்கசும் காரணமாயிற்று எனலாம்.

கோப்பியின் பாடம் முற்றும் மறக்கப்படவில்லை. 1925இற் தேயிலை ஆராய்ச்சி நிலையம் சட்டமூலம் நிறுவப்பட்டுப், பின்னர்த் தலவாக்கலைக்கு அருகே செயிண்ட் கூம்ஸ் தோட்டத்தில் நிலைபெற்றது. நோய் வந்தபின் இரண்டாண்டுக்கு ஓர் அறிஞரை வரவழைக்கும் முறை மாறி, பயிரின் நடுவிலேயே அறிஞர் வாழும் முறை வந்தது. 1946இற் தேயிலையின் இளந்தளிரைத் தாக்கும் கொப்புள நோய் இலங்கையிற் தோன்றியபோது, அம்மாற்றத்தின் பயன் விளங்கியது. இதுவும் காற்றிற் பறக்கும் வித்திகளாற் பரவும் பங்கசு நோயே. கொழுந்தையே விற்கும் பயிரில் கொழுந்தையே அழிப்பது. ஆயின் இம்முறை செப்பு மருந்து கையிலிருந்தது. வித்தி முளைக்குமுன் இலையைக் காக்க வேண்டும் என்ற விதியும் தெரிந்திருந்தது. கவ்வாத்து வெட்டும் காலமும், வெட்டிய செடி ஈரமற்ற நாட்களிற் தளிர்க்குமாறு மாற்றியமைக்கப்பட்டது. தேயிலை தப்பியது. அன்று பயனற்றதெனத் தோன்றிய விளக்கம், அறுபத்தைந்து ஆண்டுகளின் பின் அதே மலைகளில் மற்றொரு பயிரைக் காக்கும் அறிவின் பகுதியாயிற்று. மருந்தைத் தெளித்த கைகளும் கவ்வாத்துக் கத்தியைப் பிடித்த கைகளும் தொழிலாளருடையவை என்பதையும் ஈண்டு மறத்தலாகாது. எந்நாளில், எவ்வளவு, எவ்வாறு என்பதை அவர்கள் விளங்கிக்கொண்டிராவிடின் ஆய்வுகூடத்தின் விதி மலையேறியிராது.

வெற்றி செருக்கைத் தரும். செருக்குப் பிழையைத் தரும். அதற்கும் இம்மலைகளிற் சான்றுண்டு. தேயிலை இலைகளைச் சுருட்டிப் பிணைத்து உண்ணும் ஒருவகைப் புழுவை அடக்க, யாவாத் தீவிலிருந்து குளவி இனத்துச் சிறிய ஒட்டுண்ணிப் பூச்சியொன்று 1935, 1936ஆம் ஆண்டுகளிற் கொண்டுவரப்பட்டது. அது மலைநாட்டில் நிலைபெற்றுப் புழுவை அடக்கிற்று. பின்னர் 1950களின் இறுதியிலும் 1960களிலும், தேயிலைக் கொப்புகளைத் துளைக்கும் சிறுவண்டை ஒழிக்க டீல்டிரின் என்னும் நஞ்சு தெளிக்கப்பட்டது. அந்நஞ்சு, காவல் நின்ற ஒட்டுண்ணியையும் கொன்றது. அடங்கிக் கிடந்த புழு பெருகி எழுந்தது. ஒரு வினாவை மட்டும் நோக்கியவர் மற்றொரு விடையைத் தம் கையாலேயே கெடுத்தனர். இப்பிழையை ஆராய்ச்சியாளரே கண்டு, ஆராய்ந்து, வெளியிட்டனர் என்பதே அதில் ஆறுதல் தருவது. பிழையை மறைக்கும் துறை தேய்கின்றது. பிழையை எழுதிவைக்கும் துறையே வளர்கின்றது.

ஆராய்ச்சி மாணாக்கர்க்கு

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், ஆராய்ச்சியாளனுக்கு வேண்டிய பண்புகள் சில தாமே வெளிப்படுகின்றன. முதலாவது, வினாவைச் சரியாகத் தெரிந்தெடுத்தல். எல்லாரும் மருந்து எங்கே என்று வினவியபோது, நோய் எவ்வாறு வருகிறது என்று வினவ வார்டுக்குப் பொறுமை இருந்தது. அவசரமான உலகில் அமைதியான வினாவைக் கேட்பது கருவியால் வரும் திறனன்று. மனத்தால் வரும் திறன்.

இரண்டாவது, முன்னோரை மதித்து, அவர் கருத்தைச் சோதித்தல். துவெயிட்ஸ் அனுப்பிய இலையும் பார்க்லி இட்ட பெயரும் இன்றேல் வார்டின் பணி தொடங்கியிராது. மொறிஸின் கருத்துப் பிழையாயினும், சோதிக்கத்தக்க கருத்தொன்றை அவர் தந்துசென்றார். சக ஆராய்ச்சியாளனின் பிழையைக் காட்டும்போது ஆளை இகழாது செய்கையை மட்டும் ஆராய்தல் பெருந்தன்மை. தன் முடிவும் ஒருநாள் அவ்வாறு சோதிக்கப்படும் என்பதை அறிந்தவனுக்கு அஃது எளிது. காற்றைப்பற்றிய வார்டின் முடிவையே, கென்யாவில் 1960ஆம் ஆண்டளவில் ஆராய்ந்தோர் ஐயுற்று, மழைத்துளி தெறித்தலே பரவலுக்குப் பெருங்காரணம் என்றனர். பின்வந்த ஆராய்ச்சிகள் காற்றுக்கும் மழைக்கும் பங்குண்டு எனக் காட்டின. விஞ்ஞானம் ஒருவர் வாழ்நாளில் முடியும் நூலன்று. பலர் கைமாறி எழுதும் ஏடு.

மூன்றாவது, கேட்டல். மேலோரிடமும் நூலிடமும் கேட்பதோடு நில்லாது, பிரட்டுக்களத்தில் நிற்பவரிடமும் கேட்டல். பயிரோடு வாழ்பவரின் அனுபவம் விஞ்ஞானமாகிவிடாது. ஆயின் விஞ்ஞானம் தொடங்க வேண்டிய இடத்தை அது சுட்டும்.

நான்காவது, சொல்லுதல். இவ்விடத்தில் வார்டின் வரலாறு ஒரு குறையையும் காட்டுகின்றது. அவருடைய அறிக்கைகள் அறிஞருக்கு விளக்கமாயிருந்தன. அவற்றைச் செயலாக்க வேண்டியவரோ அவற்றை ஓர் ஏமாற்றமாகவே ஏற்றனர். மருந்தில்லை என்ற சொல் அவர்கள் செவியில் விழுந்தது. ஒரே பயிரை இடைவெளியின்றி நடுதல் ஆபத்து என்ற சொல் விழவில்லை. எனவேதான் கோப்பியை இழந்த மலைகளில் மீண்டும் ஒரே பயிர் இடைவெளியின்றி நடப்பட்டது. பழியை இளைஞர் ஒருவர்மீது சுமத்துதல் நேர்மையன்று. கேளாதவருக்கும் அதிற் பங்குண்டு. ஆயினும் உண்மையைக் கண்டதோடு கடமை முடிந்ததென ஆராய்ச்சியாளன் எண்ணலாகாது. அதனை ஏற்க வேண்டியவரின் மொழியில், அவர் அச்சத்தை அறிந்து, மீண்டும் மீண்டும் சொல்லுதலும் ஆராய்ச்சியின் பகுதியே. இத்திறன் விஞ்ஞானத்துக்கு மேலே பூசும் அலங்காரம் என்பார் உளர். அஃது அலங்காரமன்று, கண்ட உண்மை மக்களைச் சென்றடையும் கடைசிப் படி.

இன்று மலையகத் தோட்டங்களிற் பிறந்த பிள்ளைகள் பல்கலைக்கழகங்களிற் புகுந்து விஞ்ஞானம் பயில்கின்றனர். கோப்பி அழிந்த நாளில் வினவப்படாது நின்ற மக்களின் வழித்தோன்றல்கள், இன்று வினாவை எழுப்பும் இடத்தில் நிற்கத் தொடங்கியுள்ளனர். லயத்தின் மொழியும் ஆய்வுகூடத்தின் மொழியும் ஒருங்கே அறிந்தவர் அவர்கள். வார்டுக்குக் கிட்டாத வாய்ப்பு அது. நுணுக்குக்காட்டியின் ஒரு முனையிற் கண்ணை வைக்கும்போது, மறுமுனையில் இருப்பது ஓர் இலைத்துண்டு மட்டுமன்று, அதனை நம்பி வாழும் குடும்பங்களும் அங்கே உள என்பதை அவர்கள் பிறர் சொல்லி அறிய வேண்டியதில்லை. அந்நினைவோடு உண்மையைத் தேடி, கிடைத்ததை மறையாது உரைப்பரேல், அந்தச் செம்பொடிப் புள்ளி கற்பித்த பாடம் நிறைவுறும்.